பழைய கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டிங்: சாஃப்ட்வேருக்கு முன்னால் ஃபைலைப் பாருங்கள்

"அண்ணே, நாலு ஜிபி ரேம்தான் இருக்கு. ஹேங் ஆகாத எடிட்டிங் சாஃப்ட்வேர் ஏதாவது போட்டுக் குடுங்க." சர்வீஸ் கடை வைத்திருக்கும் எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். யூடியூபில் சமையல் போடுகிறவர்கள், பாடம் எடுத்துப் பதிவேற்றும் ஆசிரியர்கள், கோயில் கொடையைப் படம் பிடித்து ஊர் குரூப்பில் போடும் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். நான் பதிலுக்குக் கேட்பது, "எந்த போன்ல எடுத்தீங்க? கேமரா செட்டிங் என்ன?" சாஃப்ட்வேர் கேட்டால் போனை விசாரிக்கிறானே என்று முறைப்பார்கள்.

அப்படி வந்த ஓர் ஆசிரியையின் லேப்டாப் நாலாவது தலைமுறை ஐ3. 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். இலவச எடிட்டர்கள் மூன்று ஏற்கெனவே அதில் இருந்தன. மூன்றுமே திணறின. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய கிளிப் ஒன்றை எடிட்டரே இல்லாமல் வெறும் பிளேயரில் ஓடவிட்டேன். சிபியு நேராக 100 சதவீதத்தில் போய் நின்றது. படம் விட்டுவிட்டு ஓடியது. பிளேயரிலேயே ஓடாத வீடியோ எந்த எடிட்டரில் ஓடும்?

அந்த கிளிப் 4கே, நொடிக்கு 60 ஃப்ரேம், எச்.265. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1080பி ஃப்ரேம் ஒன்றில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே ஃப்ரேமில் 83 லட்சத்துக்குக் கிட்டே. அதுவே நாலு மடங்கு. 30 ஃப்ரேம் 60 ஆனால் எட்டு மடங்கு. போதாக்குறைக்கு எச்.265. இது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்க 2013இல் வந்த முறை. பழைய எச்.264ஐவிட ஃபைலை நன்றாகச் சுருக்கும், ஆனால் விரித்துக் காட்ட ப்ராசசர் அதிகம் உழைக்க வேண்டும். இன்டெல்லில் அதற்கென்று முழுமையான வன்பொருள் வசதி 2015இல் வந்த ஆறாவது தலைமுறையிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்தைய சிஸ்டத்தில் சுமை பெரும்பாலும் ப்ராசசர் தலையில்தான் விழும்.

அவருடைய மாணவர்கள் பாடத்தைப் பார்ப்பதோ போனில். 4கே யாருக்கு?

ஆகவே முதல் வேலை போனில். கேமரா செட்டிங்கில் 1080பி, 30 ஃப்ரேம் வையுங்கள். ஐபோனில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' தேர்ந்தெடுத்தால் எச்.264இல் பதிவாகும். ஆண்ட்ராய்டு போன்களில் 'ஹை எஃபிஷியன்சி வீடியோ' என்பதுபோல ஒரு சுவிட்ச் இருக்கும், அணைத்துவிடுங்கள். எச்டிஆர் இருந்தால் அதையும். கம்ப்யூட்டருக்குக் கேபிள் போட்டு ஏற்றுங்கள். தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி இறக்கிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது படத்தை நசுக்கிவிடும்.

ஏற்கெனவே 4கேயில் எடுத்துக் குவித்துவிட்டீர்களா? ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் 1080பி, எச்.264 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். அதில் ஃப்ரேம் ரேட்டை 'கான்ஸ்டன்ட்' என்று மாற்ற மறக்காதீர்கள். போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிகின்றன. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதனால்தான். பழைய சிஸ்டத்தில் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

இனி சாஃப்ட்வேர். முன்னாலும் பின்னாலும் வெட்டினால் போதும் என்பவர்களுக்கு எடிட்டரே தேவையில்லை. அவிடிமக்ஸ் அல்லது லாஸ்லெஸ்கட் போதும். மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது திரும்பச் சுருக்காமல், அப்படியே நறுக்கித் தருவதால் ஒரு மணி நேர வீடியோகூடச் சில நிமிடங்களில் முடிந்துவிடும், தரமும் குறையாது. ஒரு சங்கடம்: நினைத்த ஃப்ரேமில் வெட்டு விழாது, பக்கத்தில் இருக்கும் கீஃப்ரேமில்தான் (முழுப் படமாகவே சேமிக்கப்பட்டிருக்கும் ஃப்ரேம்) விழும். அவிடிமக்ஸில் மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்தினால் கீஃப்ரேம் கீஃப்ரேமாகத் தாவலாம். சேமிக்கும் முன் வெளியீட்டு வடிவம் எம்பி4 ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டு, தலைப்பு, இரண்டு மூன்று அடுக்கு என்று வேண்டுமென்றால் என் தேர்வு ஷாட்கட். செட்டிங்ஸில் 'ப்ராக்ஸி'யை இயக்கிவிட்டால் ஒவ்வொரு கிளிப்புக்கும் சிறிய நகல் ஒன்று தயாராகும். டைம்லைனில் ஓடுவது நகல், கடைசியில் ரெண்டர் ஆவது, அதாவது முடிந்த வீடியோவாக வெளிவருவது, அசல். கூடவே ப்ரீவியூ ஸ்கேலிங்கை 360க்கு இறக்கினால் ஐ3யும் தாங்கும். தமிழ்த் தலைப்புக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துரு போதும். கொம்பும் புள்ளியும் இடம் மாறாது. கேடென்லைவும் நல்லதுதான், வசதிகள் அதிகம், கற்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். டாவின்சி ரிசால்வ் அருமையான சாஃப்ட்வேர், இலவசமும்கூட. ஆனால் அது 16 ஜிபி ரேமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் எதிர்பார்க்கும். 4 ஜிபியில் அதை ஏற்றித் தரச் சொல்லிக் கெஞ்சாதீர்கள்.

இறக்குமுன் இன்னொன்று. பழைய 4 ஜிபி சிஸ்டங்கள் பலவற்றில் 32 பிட் விண்டோஸ் கிடக்கிறது. ஷாட்கட், கேடென்லைவ் இரண்டின் இப்போதைய பதிப்புகளும் 64 பிட் மட்டுமே. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைப் பாருங்கள். ப்ராசசர் 64 பிட் என்றிருந்தால் விண்டோஸை மாற்றிப் போட்டாலே ஆச்சு.

காசு செலவழிப்பதென்றால் எஸ்எஸ்டி, அடுத்து 8 ஜிபி ரேம். அந்த வரிசையில்.

காசு கொடுக்காமல் பூட்டை உடைத்துப் போடும் 'கிராக்' சாஃப்ட்வேர் விஷயத்தில் மட்டும் நான் கறார். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணவும்" என்று ஒரு ஃபைல் சொன்னால் அது எதற்காகச் சொல்கிறது? ஸ்டாப் டிஜேவியு என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது பெரும்பாலும் கிராக் சாஃப்ட்வேர் வழியாகத்தான். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 2019இல் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசத் திறவுகோல் ஒன்றை வெளியிட்டது, ஆனால் எல்லா வகைக்கும் அது பலிக்காது. திருமண வீடியோ மொத்தமும் பூட்டிக்கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கோடு வந்து நிற்பவர்களிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ரெண்டர் போடும்போது 1080பி, 30 ஃப்ரேமுக்கு பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா) 8 எம்பிபிஎஸ் போதும். யூடியூபே பரிந்துரைக்கும் அளவு அது. 'ஹார்ட்வேர் என்கோடர்' பெட்டியில் டிக் போட்டுப் பாருங்கள். இரண்டாவது தலைமுறை இன்டெல்லிலிருந்தே எச்.264க்கு அந்த வசதி பெரும்பாலும் உண்டு, நேரம் நன்றாக மிச்சமாகும். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ரெண்டர் போடாதீர்கள். காற்று போகாமல் சூடேறினால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் தூசி தட்டி வருஷக்கணக்கில் ஆகியிருந்தால், சாஃப்ட்வேரை மாற்றுவதற்கு முன் அதைச் செய்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.