கீழே நிற்பவர் சொல்லும் விலை

சிறிய தொழில் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தேடுபொறி விளம்பரத்தில் யார் அதிகம் பணம் தருகிறாரோ அவர்தானே மேலே வருவார்? பெரிய நிறுவனங்களோடு நான் எப்படிப் போட்டி போடுவது?"

1998-இல் கேட்டிருந்தால், ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இன்று அப்படி முடிக்க முடியாது. ஏன் என்று சொல்ல, எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஏலக் கணக்கைப் போட்டுக் காட்டியாக வேண்டும்.

அடிப்படை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நீங்கள் ஒரு சொல்லைத் தட்டுகிறீர்கள். அந்தச் சொல்லுக்கு விளம்பரம் கொடுத்திருப்பவர்களைப் பொறி திரட்டுகிறது, ஏலம் விடுகிறது, வென்றவர்களை, இது விளம்பரம் என்ற குறிப்போடு மேலே காட்டுகிறது. கண் இமைக்கும் முன் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த தேடலுக்கு அடுத்த ஏலம். விளம்பரம் கண்ணில் பட்டதற்குப் பொதுவாகக் காசு இல்லை, யாராவது கிளிக் செய்தால்தான்.

இந்த ஏலத்தைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தது 1998-இல் பில் கிராஸ் என்ற தொழில்முனைவோரின் கோ-டூ.காம் (GoTo.com) தேடுபொறி. பின்னாளில் அது ஓவர்சர் ஆனது, 2003-இல் யாஹூ அதை வாங்கியது. விதி எளிது: அதிகம் கேட்டவர் மேலே, கேட்ட விலையையே கொடுக்க வேண்டும். நியாயமாகத்தான் படுகிறது, இல்லையா? ஆனால் நடந்தது வேடிக்கை. முதலிடத்தில் இருப்பவரை முந்த ஒரு காசு கூட்டினால் போதும். அவர் திரும்ப ஒரு காசு கூட்டுவார். இப்படியே ஏறி ஏறி ஒரு கட்டத்தில் ஒருவருக்குச் சலித்துவிடும்: 'இந்த விலைக்கு எனக்கு இரண்டாம் இடமே போதும்'. உடனே மூன்றாமவரைவிட ஒரு காசு மட்டும் அதிகமாக வைத்து இறங்கிவிடுவார். மேலே இருப்பவர், நாம் மட்டும் ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு காசு மேலே வந்து நிற்பார். மறுபடி ஏற்றம் தொடங்கும். இதற்கென்றே மென்பொருள் வைத்து நாள் முழுக்க ஏறி இறங்கினார்கள். விலையை வரைபடமாகப் போட்டால் ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும்.

கூகுள் 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு ஆட்வேர்ட்ஸ் என்ற தன் விளம்பரச் சேவையைத் தொடங்கியபோது ஏலமே கிடையாது, இத்தனை முறை காட்டினால் இவ்வளவு என்பதுதான் கணக்கு. 2002 பிப்ரவரியில் ஏலத்துக்கு மாறினார்கள், ஆனால் விதியில் ஒரு திருப்பத்தோடு: வென்றவர் தான் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டாம். தனக்குக் கீழே நிற்பவரை முந்த எவ்வளவு தேவையோ அதைக் கொடுத்தால் போதும்.

ஏலம் விடுபவருக்கு இது நட்டம் போலத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

ஒரே ஓர் இடம் ஏலத்துக்கு வருகிறது, ஒரு கிளிக் உங்களுக்கு 10 நாணயம் பெறும் என்று வையுங்கள். எவ்வளவு கேட்பீர்கள்? பழைய விதியில் 10 கேட்டால் வென்றும் லாபமில்லை, எனவே 7, 8 என்று குறைத்துச் சொல்வீர்கள். புதிய விதியில் குறைத்துப் பாருங்கள். 7 கேட்கிறீர்கள். எதிராளி 5 என்றால் ஜெயித்து 5 கொடுக்கிறீர்கள். 10 கேட்டிருந்தாலும் அதே 5-தான். எதிராளி 8 என்றால் தோற்கிறீர்கள். 10 கேட்டிருந்தால் 8 கொடுத்து 2 நாணயம் லாபம் பார்த்திருக்கலாம். ஆகக் குறைத்துக் கேட்டதில் இழப்பு மட்டுமே மிச்சம். சரி, கூட்டிக் கேட்டால்? 13 என்கிறீர்கள். எதிராளி 10-க்குக் கீழே இருந்தால் ஒரு மாற்றமும் இல்லை. 12 என்றால் ஜெயிப்பீர்கள், 10 பெறுமான பொருளுக்கு 12 கொடுத்து. எப்படிப் புரட்டினாலும் மனதில் உள்ள உண்மை விலையைச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். எதிராளி யார், என்ன கேட்பார் என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளவே வேண்டாம். உபதேசமோ கண்காணிப்போ இல்லாமல் ஒரு விதி மனிதர்களை உண்மை பேச வைக்கிறது. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்கு எனக்குச் சலிப்பதில்லை.

இதைக் கணிதமாக நிறுவியவர் பொருளியலாளர் வில்லியம் விக்ரே, 1961-இல். (தபால் தலை விற்பவர்கள் 1890-களிலேயே அஞ்சல்வழி ஏலத்தில் இதைக் கையாண்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.) 1996-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள், மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். 1961-இல் இணையமும் இல்லை, தேடுபொறியும் இல்லை. 'இந்த ஆராய்ச்சியால் உடனடிப் பயன் என்ன' என்று கேட்டு நிதியை நிறுத்தும் குழுக்கள் எங்கேயும் உண்டு. அவர்கள் முன்னால் விக்ரேயின் கட்டுரையை வைத்திருந்தால் பக்கத்தைப் புரட்டாமலே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இப்போது வாசகரின் கவலைக்கு வருவோம். லேப்டாப் திரை மாற்ற வழி தேடுகிறார் ஒருவர். பெரிய நிறுவனம் கிளிக்குக்கு 10 கேட்கிறது, சிறிய நிறுவனம் 6, மூன்றாமவர் 4. ஆனால் பெரிய நிறுவனத்தின் விளம்பரம் பொத்தாம் பொதுவானது. நூறு பேர் பார்த்தால் இரண்டு பேர் கிளிக் செய்கிறார்கள். சிறியவர் 'லேப்டாப் திரை மாற்றுகிறோம்' என்று நேராக எழுதியிருக்கிறார். நூறுக்கு ஐந்து பேர். மூன்றாமவருக்கு மூன்று. வரிசையை முடிவு செய்வது கேட்பு விலை மட்டுமல்ல, விலையையும் கிளிக் வாய்ப்பையும் பெருக்கி வரும் எண். பெரியவருக்கு 20, சிறியவருக்கு 30, மூன்றாமவருக்கு 12. முதலிடம் சிறியவருக்கு!

விலையைப் பாருங்கள். சிறியவர் 20-ஐத் தொட்டால் போதும். அவருடைய 5-ஆல் வகுத்தால் கிளிக்குக்கு 4. பெரியவர் 12-ஐத் தொட வேண்டும்; அவருடைய 2-ஆல் வகுத்தால் 6. மேலே இருப்பவர் 4 கொடுக்கிறார், கீழே இருப்பவர் 6 கொடுக்கிறார். ஏலம் விடுபவருக்கு இதில் தயவு ஒன்றும் இல்லை. ஓர் இடம் மட்டுமே இருந்து, அதை விலையை மட்டும் பார்த்துப் பெரியவருக்குக் கொடுத்தால் நூறு தேடலுக்கு இரண்டு கிளிக், ஒவ்வொன்றும் 6, மொத்தம் 12. சிறியவருக்குக் கொடுத்தால் ஐந்து கிளிக், ஒவ்வொன்றும் 4, மொத்தம் 20.

இன்றைய தரக் கணக்கில் கிளிக் வாய்ப்போடு, விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, கிளிக் செய்து போகும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்பவையும் சேரும். அப்புறம் ஒரு திருத்தம்: இடம் ஒன்றுக்கு மேல் போனால் விக்ரேயின் உத்தரவாதம் உடைந்துவிடும். முதலிடத்தில் 100 கிளிக், இரண்டாமிடத்தில் 90. எதிராளிகள் 8, 2 கேட்கிறார்கள், உங்களுக்கு ஒரு கிளிக் 10 பெறும். உண்மையைச் சொல்லி முதலிடம் பிடித்தால் கிளிக்குக்கு 8 கொடுத்து, மிச்சம் 2 வீதம் 200 லாபம். அடக்கி வாசித்து இரண்டாமிடத்தில் உட்கார்ந்தால் கிளிக்குக்கு 2 கொடுத்து, மிச்சம் 8 வீதம் 720. 'எப்படியாவது நம்பர் ஒன்' என்று அடம்பிடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. கிளிக் வாய்ப்பைக் கணிப்பதும் தரத்துக்கு மதிப்பெண் போடுவதும் ஏலம் விடுபவரே. விடைத்தாளும் அவரிடம், மதிப்பெண் பட்டியலும் அவரிடம், கல்லாப்பெட்டியும் அவரிடம். தேடல் சந்தையிலும் தேடல் உரை விளம்பரச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏலக் கணிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஏலக் கூடம் ஒன்றுதான் என்றால் கேட்பவருக்குப் போக்கிடம் ஏது?

இனி பணம் கட்டுபவர் பக்கம். விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் பொருளை வாங்கினார், எனவே விளம்பரத்தால்தான் வாங்கினார் என்று மாத அறிக்கை சொல்லும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. ராசிக் கல் மோதிரம் போட்ட மாதம் வியாபாரம் கூடியது என்பவரைப் பார்த்துச் சிரிக்கும் நாம், வண்ண வண்ண வரைபடத்தில் வந்தால் இதையே நம்பிவிடுகிறோம். காக்கையைத் துரத்திப் பார்த்தார்கள், ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில். தன் பெயரையே தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தை 2012-இல் சில தேடுபொறிகளில் அந்த நிறுவனம் நிறுத்தியது. வரவு குறைந்ததா? கிளிக் செய்திருக்க வேண்டியவர்களில் ஏறத்தாழ எல்லாரும் கீழே இருந்த சாதாரணத் தேடல் முடிவு வழியே, காசில்லாமல், வந்து சேர்ந்தார்கள். மற்றச் சொற்களுக்கான விளம்பரம், அடிக்கடி வாங்கும் பழைய வாடிக்கையாளர்களிடம் எடுபடவில்லை. புதியவர்களிடமும் எப்போதாவது வருபவர்களிடமும் பலித்தது. பிளேக், நோஸ்கோ, டடெலிஸ் என்ற பொருளியலாளர்கள் மூவரும் 2015-இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அந்த ஆய்வு வாசகருக்குச் சாதகமானது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஈபேயை எல்லாருக்கும் தெரியும், அவரை யாருக்கும் தெரியாது. அவர் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் புதியவர்களாகத்தான் இருப்பார்கள். இரண்டு ஊர்களில் விளம்பரத்தை ஒரு மாதம் நிறுத்தி, ஓட விட்ட ஊர்களோடு விற்பனையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதட்டும்.