ஓரமே இல்லாத சதுரம்: துணியில் டிசைன் எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது?

டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தைப்பூசக் காவடிக்கு அவர்கள் குழுவில் எல்லாரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்று மயில்தோகை டிசைனைக் கணினியில் அவரே வரைந்து, டிஜிட்டல் பிரிண்டில் துணி அடித்து வாங்கியிருக்கிறார்கள். திரையில் ஒற்றைச் சதுரமாக இருந்தவரை அழகாகத்தான் இருந்ததாம். மீட்டர் கணக்கில் துணியாக வந்ததும் இரண்டு குறைகள் தெரிந்தன. சதுரமும் சதுரமும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. அப்புறம், பத்தடி தள்ளி நின்று பார்த்தால் துணி முழுக்கக் குறுக்கே பட்டை பட்டையாக ஓடுகிறது. கடையில் வாங்கும் துணியில் இதெல்லாம் தெரிவதில்லையே, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கிறார்.

இதற்கான பதில் கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடத்தில் போய் நிற்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அடிப்படை எல்லாருக்கும் தெரிந்ததே. புடவையோ சுவர்த்தாளோ பரிசுப்பொருள் சுற்றும் காகிதமோ, சின்னப் படம் ஒன்றை வரைந்து அதன் நகல்களைப் பக்கத்திலும் கீழேயும் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். அந்தச் சின்னப் படம்தான் டைல். எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை அது மறுபடி வருகிறதோ அந்தத் தூரம் ரிப்பீட். டைல் 1000 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இலை 980ஆம் பிக்சலில் தொடங்கி 1020 வரை நீள்கிறது. 1000ஐத் தாண்டிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டால் துணியில் அரை இலைதான் வரும். எறியாமல், 1020ஐ 1000ஆல் வகுத்து மீதி என்னவென்று பாருங்கள்: 20. ஆக மிச்ச இலையை இடது ஓரத்தில் 0 முதல் 20 வரை வரைய வேண்டும். மேலே, கீழே போகும் கோடுகளுக்கும் இதே கணக்கு. பழைய நோக்கியா போன்களில் பாம்பு வலப்பக்கம் வெளியே போய் இடப்பக்கம் தலைகாட்டுமே, அதே விதிதான்.

நான் ரசித்து நிற்கும் இடம் இதற்கு அடுத்தது. வலது ஓரமும் இடது ஓரமும் ஒரே இடம் என்று சொன்ன மாத்திரத்தில் அந்தச் சதுரம் ஒரு குழாயாகச் சுருண்டுவிடுகிறது. மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரே இடம் என்றதும் குழாயின் இரண்டு வாயும் ஒட்டிக்கொண்டு வளையமாகிவிடுகிறது, கணிதத்தில் இதற்கு டோரஸ் என்று பெயர். வளையத்தின் மேல் ஓர் எறும்பை விட்டால் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் நடந்தாலும் அது ஓரத்துக்கு வரவே வராது. நாம் சதுரம் என்று நினைத்துக்கொண்டு வரைகிறோம், உண்மையில் ஓரமே இல்லாத ஒரு பரப்பின் மேல் வரைந்துகொண்டிருக்கிறோம். திரையில் தெரியும் நான்கு ஓரங்களும், அந்த வளையத்தை விரித்துக் காட்டுவதற்காக எங்கோ போட்ட வெட்டு, அவ்வளவே. வேறு இடத்தில் வெட்டியிருந்தால் வேறு சதுரம் கிடைத்திருக்கும், ஆனால் துணி அச்சு அசல் அதே துணியாகத்தான் இருந்திருக்கும்.

வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். கடைத் துணி எதையாவது எடுத்து, ரிப்பீட் அளவுக்குச் சரியாக ஒரு சன்னல் வெட்டிய அட்டையை அதன் மேல் வையுங்கள். அட்டையைத் திருப்பாமல் எங்கே நகர்த்தி வைத்தாலும் சன்னலுக்குள் டிசைனின் எல்லாப் பகுதியும் ஒருமுறை, ஒரே ஒருமுறை மட்டும் தெரியும். ஒரு மயில் இரண்டாக வெட்டுப்பட்டு வால் வலது மூலையிலும் தலை இடது மூலையிலும் கிடக்கலாம், ஆனால் ஒரு மயிலுக்குக் கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

டிசைன் செய்கிறவர்கள் தினமும் பயன்படுத்தும் ஆஃப்செட் வித்தை இதிலிருந்துதான் வருகிறது. ஃபோட்டோஷாப்பிலும் இருக்கிறது, இலவச மென்பொருளான கிம்ப்பிலும் இருக்கிறது. 1000க்கு 1000 டைலை வலப்பக்கம் 500, கீழே 500 தள்ளி, வெளியே போவதை மறுபக்கம் சுற்றி வரச் சொல்லுங்கள். நான்கு மூலைகளும் நடுவுக்கு வந்து சேர்ந்துவிடும். முன்பு ஓரமாக இருந்ததெல்லாம் இப்போது நடுவில் ஒரு கூட்டல் குறியாக நிற்கும், பொருந்தாத இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். அதன் மேல் பூ வரைந்தோ இலை வரைந்தோ சரி செய்தால் போதும். அப்படியானால் புதிதாக வந்த ஓரங்கள் பொருந்துமா என்ற கவலை வேண்டாம். அவை பழைய படத்தின் நடுவில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களாக இருந்தவை, ஏற்கெனவே பொருந்தித்தான் இருக்கின்றன. வரையும்போது அவற்றைத் தொடாமல் இருந்தால் சரி. கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் இந்தத் தள்ளலே தேவையில்லை. விசைப்பலகையில் டபிள்யூ எழுத்தை அழுத்தினால் படம் நான்கு பக்கமும் பரவிவிடும். எந்த நகலின் மேல் தூரிகையை வைத்தாலும் எல்லா நகலிலும் சேர்ந்து வரையும். முதல்முறை அதைப் பார்க்கிறவர்கள் வரைய வந்ததை மறந்துவிட்டு வெறுமனே கோடு இழுத்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

கையால் இதைச் செய்த காலத்திலும் ரகசியம் இதேதான். நம் தென்னாப்பிரிக்காவின் ஷ்வேஷ்வே துணியை எல்லாருக்கும் தெரியும், கிழக்குக் கேப்பில் ஸ்வெலிட்ஷாவில் டகாமா ஆலை அடிக்கும் அந்த நீலத் துணி. செதுக்கிய செப்பு உருளைகள் சாயமேற்றிய துணியின் மேல் மென்மையான அமிலக் கரைசலை ஒற்றிக்கொண்டு போகும், அமிலம் பட்ட இடத்தில் சாயம் வெளுத்து வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் வரும். உருளையைச் சுற்றி விரலை ஓட்டினால் எங்கே டிசைன் தொடங்கியது என்று சொல்ல முடியாது. அது குழாய், அங்கே மேல் ஓரமும் கீழ் ஓரமும் கிடையாது. உருளையின் சுற்றளவுதான் ரிப்பீட். பின்னால் வந்த, துளையிட்ட உருளை வழியே சாயம் பிழியும் ரோட்டரி ஸ்கிரீன் அச்சிலும் இதே விதி. அதில் வழக்கமான சுற்றளவு சுமார் 64 செ.மீ., அதனால்தான் ஆலைத் துணிகளில் 64, 32, 16 என்று அதைச் சமமாக வகுக்கும் ரிப்பீட்டுகளே அதிகம். டிஜிட்டல் அச்சுக்கு உருளை இல்லை, எந்த அளவும் போடலாம். ஆனால் அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது, வாசகியின் வெள்ளைக் கோடு பெரும்பாலும் அதிலிருந்து வந்ததுதான்.

64 செ.மீ.யை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்கிட்டால் சுமார் 7559 பிக்சல். அதற்குள் 3 டைல் வைக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் 2519.67 பிக்சல். முக்கால் பிக்சல், அரைப் பிக்சல் என்று ஒன்று கிடையாது, அதனால் மென்பொருள் ஓரத்துப் பிக்சலைப் பாதி ஒளிபுகும்படி செய்து சமாளிக்கிறது. இரண்டு டைலின் அரைகுறை ஓரங்கள் சேரும் இடத்தில் பின்னாலிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. மருந்து எளிது: டைலின் நீளம், அகலம் இரண்டையும் முழுப் பிக்சலில் வைத்துக்கொள்ளுங்கள், செ.மீ. கணக்கை அதற்கேற்ப ஒரு துளி மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு காரணமும் உண்டு. மங்கலாக்கும் வடிகட்டியைப் போட்டால் ஒவ்வொரு பிக்சலும் அக்கம்பக்கத்தின் சராசரியாக மாறுகிறது. ஓரத்தில் இருக்கும் பிக்சலுக்கு அக்கம்பக்கம் என்பது மறு ஓரத்தில் இருக்கிறது என்று பல மென்பொருள்களுக்குத் தெரியாது, வெறுமையோடு சராசரி எடுத்துவிடும். அதனால் டைலை முதலில் 3க்கு 3 ஆக அடுக்கி, அதை மங்கலாக்கி, அப்புறம் நடு டைலை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, குறுக்குப் பட்டைக்கு வருவோம். இது இணைப்பில் உள்ள பிழை இல்லை. இணைப்பு கச்சிதமாக இருந்தாலும் பட்டை வரும். டைலின் மேல்பாதியில் நீலம் கூடுதலாகவும் கீழ்ப்பாதியில் குறைவாகவும் இருந்தால் எல்லா நீலமும் ஒரே உயரத்தில் வரிசை கட்டி நிற்கும், கண் அதைக் கோடாகச் சேர்த்துவிடும். அச்சுக்கு அனுப்பும் முன் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: டைலின் நகல் ஒன்றை எடுத்து அகலத்தை மட்டும் 1 பிக்சலாகச் சுருக்கி மறுபடி விரியுங்கள். ஒவ்வொரு வரியும் தன் சராசரி நிறத்தைக் காட்டும். அங்கே தெரியும் பட்டைதான் நாளைக்குத் துணியில் தெரியப்போவது.

ஆலைகள் இதற்குக் கையாளும் வழி ஹாஃப் டிராப். பக்கத்துப் பத்தியை டைலின் உயரத்தில் பாதி கீழே இறக்கி வைப்பார்கள். வளையத்தின் மொழியில் சொன்னால், வலது ஓரத்தில் வெளியேறும் கோடு இடது ஓரத்தில் அதே உயரத்தில் நுழையாது, பாதி உயரம் தள்ளி நுழையும். ஒட்டும் முன் குழாயை அரைச்சுற்று முறுக்கிவிட்ட மாதிரி. இப்போது ஒரே வரிசையில் அதே மயில் ஒரு பத்தி விட்டு ஒரு பத்தியில்தான் வரும். நேர் அடுக்கில் ஒவ்வொரு மயிலுக்கும் மேலே, கீழே, இடம், வலம் என்று 4 அண்டை வீட்டார். ஹாஃப் டிராப்பில் 6. டைலின் அகலம் உயரத்தில் 0.866 பங்கு இருந்தால் அந்த 6 பேரும் மிகச்சரியாக ஒரே தூரத்தில் இருப்பார்கள், எந்தத் திசையையும் தேர்ந்தெடுத்துக் கோடு போடக் கண்ணுக்குக் காரணம் இருக்காது. சில அச்சகங்கள் நேர் அடுக்கு மட்டும்தான் ஏற்கும். அவர்களுக்கு இரண்டு பத்தியைச் சேர்த்து ஒரே செவ்வகமாக வெட்டி அனுப்பினால் போதும்.

கோலம் போடத் தெரிந்த ஆயாக்கள் வீட்டில் இருந்தால் இந்த 6 அண்டை வீட்டாரை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று அவர்கள் பிரிப்பது இதைத்தான், ஊடுபுள்ளி வைத்தால் ஆறு பக்கமும் திரும்பும் கோலம் எளிதாக வரும். இதைச் சொல்லும்போது ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். கோலத்தின் புள்ளிகளில் பிரபஞ்ச ஆற்றல் இருக்கிறது, அதிர்வலை வீட்டைக் காக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம் குடும்பங்களில் ஆர்வமாகப் பகிர்கிறார்கள். அதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. ஆனால் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் உடன் பணியாற்றியவர்களும் 1970களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக்காட்டியதை யாரும் பகிர்வதில்லை. நம் பக்கத்து நாடான மொசாம்பிக்கில் வாழ்ந்து உழைத்த கணிதவியலாளர் பௌலுஸ் கெர்டெஸ், அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்துச் சுற்றி வரையும் சோனா சித்திரங்களையும் நம் கோலத்தையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். தமிழும் ஆப்பிரிக்காவும் கணிதத்தில் கைகோத்த இடம் அது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கணினியும் போதும் இந்த ஆய்வுக்கு. தையல் ஆலைகளில் தலைமுறைகளாக உழைத்த டர்பன் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர நம் பல்கலைக்கழகங்கள் ஒரு சிறு உதவித்தொகையாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி, ஆறு பக்கம் திரும்பும் துணி இருக்கிறதே, ஐந்து பக்கம் திரும்பும் துணி உண்டா? கிடையாது. செம்பருத்திக்கு 5 இதழ், அதைத் துணியில் போடலாம், ஆனால் முழுத் துணியையும் 72 பாகை திருப்பினால் அப்படியே பொருந்துகிற மாதிரி எந்த ரிப்பீட்டும் அமையாது. காரணம் சின்னது. அப்படி ஒரு துணி இருப்பதாகவே வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கும் இரண்டு சுழற்சி மையங்களை, அதாவது எதைச் சுற்றித் திருப்பினால் துணி அப்படியே பொருந்துமோ அந்தப் புள்ளிகளை, எடுங்கள். முதலாவதைச் சுற்றி இரண்டாவதை 72 பாகை திருப்புங்கள், இரண்டாவதைச் சுற்றி முதலாவதை அதே பக்கம் சாய்கிற மாதிரி எதிர்த்திசையில் 72 பாகை திருப்புங்கள். மையத்தைத் திருப்பினால் கிடைப்பதும் மையமே. ஆனால் புதிய இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பழைய தூரத்தில் 0.382 பங்குதான்! மிக அருகில் இருப்பவற்றைத்தானே எடுத்தோம், அதைவிட அருகில் எப்படி வரும்? முரண். இந்த மாதிரித் தடைகளையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் திரும்ப வரும் டிசைன்களுக்கு மொத்தம் 17 சமச்சீர் வகைகளே மிஞ்சுகின்றன. ரஷ்யாவின் ஃபியோதரவ் 1891இல் நிறுவினார், போல்யா 1924இல் தனியே அதே முடிவுக்கு வந்தார். இன்க்ஸ்கேப் மென்பொருளில் டைல் நகல் கருவியைத் திறந்தால் அந்த 17ம் பட்டியலாக நிற்கும்.

திரும்பவே வராத டிசைனும் உண்டு. 2022இல் டேவிட் ஸ்மித் என்ற இங்கிலாந்துக்காரர், அச்சுத்தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், 13 பக்கம் கொண்ட ஒற்றை வடிவம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் வைத்துத் தரை முழுக்க இடைவெளி இல்லாமல் நிரப்பலாம், ஆனால் எந்த ரிப்பீட்டும் வராது என்று 2023இல் மூன்று ஆய்வாளர்களுடன் சேர்ந்து நிறுவினார். உருளையில் அதை அடிக்க முடியாது, சுற்றி வந்தாலே திரும்ப வந்துவிடும். டிஜிட்டல் அச்சில் அடிக்கலாம். தையற்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாவாடையின் இரண்டு துண்டுகளும் தையலில் பொருந்த வேண்டும் என்று அவர் அடுத்த ரிப்பீட்டில் அதே இடத்தைத் தேடித்தான் வெட்டுவார், அதற்காகத்தான் ஒரு ரிப்பீட் அளவு துணியைக் கூடுதலாக வாங்கச் சொல்வார். இந்தத் துணியில் எத்தனை மீட்டர் கூடுதலாக வாங்கினாலும் அவர் தேடும் அந்தச் சரியான இடைவெளி கிடைக்காது.