"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம், மேடம்"

திருப்பூர்ப் பக்கம் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற என்னைப் போன்றவர்கள், இன்னும் பேச்சு வராத பிள்ளையைக் கூட்டிவருகிறவர்களிடம் இந்த வரியைக் கேட்காத வாரமே கிடையாது. போன வாரம் வந்த பையனுக்கு மூன்றரை வயது. ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கிறான், கலர் பெயர்களை அமெரிக்கக்காரன் மாதிரி உச்சரிக்கிறான். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் பாட்டில் மேல் வைக்கிறான், அம்மா முகத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. மேசையில் செல்போன் லேசாக அதிர்ந்தது, சட்டென்று திரும்பினான். இரண்டு வயதிலேயே பக்கத்து வீட்டு அக்கா "எங்கயாவது கொண்டுபோய்க் காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவின் கதையைச் சொல்லியே ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டார்கள்.

சரி, அந்த அப்பா கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அவர் லேட்டாகப் பேசினார் என்று சொல்வது யார்? பாட்டி. முப்பது வருடத்துக்கு முன்னால் எந்த மாதத்தில் எந்த வார்த்தை வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படியே உண்மையென்றாலும், குடும்பத்தில் ஒருவருக்குப் பேச்சு தாமதமாக வந்திருந்தால் அது பிள்ளையைச் சீக்கிரம் காட்டுவதற்கான காரணம், காத்திருப்பதற்கான காரணம் அல்ல. சர்க்கரை உள்ள குடும்பத்தில் "எங்க அப்பாவுக்கும் இருந்தது, அதனால டெஸ்ட் வேண்டாம்" என்று யாராவது சொல்வார்களா? இன்னொன்று. லேட்டாகப் பேசி நன்றாக வந்தவர்களைத்தான் நமக்கு நினைவிருக்கிறது. கடைசிவரை பேச்சு சரியாக வராமல் "ஊமையன்" என்று பேர் வாங்கி, பள்ளிக்கூடமும் போகாமல் ஆடு மேய்த்துக்கொண்டு நின்றுபோனவர்கள் எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

அதைவிட முக்கியமானது, அந்த அப்பா வளர்ந்த வீடும் இந்தப் பிள்ளை வளர்கிற வீடும் ஒன்றில்லை. அவருக்கு அம்மாயி, அப்புச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி, தாத்தா), இரண்டு சித்தி, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வரும் பத்துப் பேர் என்று நாள் முழுக்கப் பேச்சு காதில் விழுந்தது. இடுப்பை விட்டு இறக்காமல் நிலா காட்டி, காக்கா காட்டிச் சோறு ஊட்டினார்கள். இந்தப் பிள்ளைக்கு இருப்பது லைன் வீட்டில் ஒரே அறை. அம்மாவும் அப்பாவும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருவதற்குள் ராத்திரி மணி எட்டரை, ஒன்பது. பகலெல்லாம் முட்டி வலியோடு ஓர் அம்மாயி. வெளியே விட்டால் வண்டி வந்துவிடும் என்று கதவைச் சாத்திவிடுவார். சாப்பிட வைக்க ஒரே வழி, செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து ரைம்ஸ் போட்டுவிடுவது. இட்லி வாய்க்குள் போகிறது, கண் அம்மாயியின் முகத்துக்கு வருவதேயில்லை.

"ஆனா அதுல நிறைய கத்துக்கறான், மேடம்" என்பார்கள். 2003இல் அமெரிக்காவில் பாட்ரீசியா குல் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து கதை சொல்லி விளையாடினார்கள். வேறு சிலருக்கு அதையே வீடியோவில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டன. வீடியோ பார்த்தவை ஒன்றும் கற்கவில்லை. செல்போன் பேசும், ஆனால் பிள்ளை "ங்ஆ" என்றால் திரும்பி "என்னடா தங்கம்?" என்று கேட்காது. இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் ஒருவர் கூடவே இருந்து என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்லியிருக்கிறது.

உடனே மாமியார்கள் மருமகளைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். "நீ வேலைக்குப் போனதாலதான்" என்பதை என் அறைக்குள் யாரும் சொல்லக் கூடாது. அம்மா வேலைக்குப் போவதால் ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி இருக்கிற மூளை வளர்ச்சி வேறுபாடு) வராது, செல்போன் பார்த்தாலும் வராது. அம்மாவுக்குப் பாசம் போதாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு டாக்டர்களே எழுதினார்கள், எத்தனையோ தாய்களை அழவைத்த பிறகு அது தப்பென்று கைவிடப்பட்டது. இங்கே நாம் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். தாமதத்துக்குப் பேச ஆள் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம், காது கேட்காதது இருக்கலாம், ஆட்டிசம் இருக்கலாம், இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். எது என்று பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோம்.

காதுக்கும் ஒரு கதை வைத்திருப்பார்கள். "கதவு அடிச்சா திரும்பறான், காது நல்லா கேக்குது." கதவுச் சத்தம் கேட்கிற பிள்ளைக்கு "ச", "ஃப" போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம், காதுக்குள் நீர் கோத்திருக்கலாம். காதுப் பரிசோதனை செய்யாமல் பேச்சுப் பயிற்சிக்கு வராதீர்கள். சொந்தத்தில் கட்டியவர்கள் இன்னும் சீக்கிரம் செய்யுங்கள். குறை பெரிதாக இருந்து, அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் வைக்கிற காக்ளியர் என்ற கேட்கும் கருவியைப் பொருத்த வேண்டியிருந்தால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் அதைச் செய்ய வழி இருக்கிறது. அந்த ஆறு வயதைக் காத்திருந்தே கரைத்துவிட்டு வருகிறவர்களிடம் நான் என்ன சொல்ல?

அப்புறம் வசம்பு. வசம்பைத் தேனில் உரசி நாக்கில் தடவினால் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்தும்கூட. நாக்கின் அடியில் நறுக்கிவிட்டாலும் வார்த்தை கொட்டாது. நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் தெளிவில்லாமல் போகலாம், அவ்வளவுதான். கோயிலுக்கு வேண்டுதல் வையுங்கள், நானும் வேண்டிக்கொள்கிறேன், ஆனால் அதே வாரம் டாக்டரிடமும் வாருங்கள்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "வீட்டுல இங்கிலீஷ்லயே பேசுங்க, ரெண்டு மொழி குழப்பும்" என்று தயவுசெய்து சொல்லி அனுப்பாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு தாமதமாவதில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டு, இங்கிலீஷ் வராத அம்மா "கம்", "சிட்", "ஈட்" என்று மூன்று வார்த்தையோடு வீட்டில் நின்றுவிடுகிறார். தமிழில் என்றால் அவர் பஸ்ஸில் நடந்த சண்டையிலிருந்து தக்காளி விலை வரைக்கும் பேசியிருப்பார். பிள்ளைக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான்.

ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், விரல் நீட்டிக் காட்ட ஆரம்பித்திருக்க வேண்டும். ஒன்றரை வயதில் சில வார்த்தைகளாவது வேண்டும். இரண்டு வயதில் "அப்பா வா", "பால் குடு" மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் காட்டுங்கள். வந்த வார்த்தை நின்றுபோனால், எந்த வயதானாலும், அடுத்த நாளே காட்டுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் செல்போனை எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான், ஒன்றும் ஆகாது. "இது என்ன? அது என்ன?" என்று கேள்வியாகக் கேட்டுப் பிள்ளையை வதைக்காதீர்கள். குளிப்பாட்டும்போது, வெங்காயம் உரிக்கும்போது செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், பிறகு கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு அவனுடைய முறைக்காகக் காத்திருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிற அப்பா கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்தால் போதும். அங்கன்வாடி பக்கத்தில் இருந்தால் அனுப்புங்கள், மற்ற பிள்ளைகளின் சத்தம் அங்கே இலவசம்.

காசு இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. அங்கே காது, பேச்சு, வளர்ச்சி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். போகும்போது லீவு போட்டு அம்மா மட்டும் போகாமல் அம்மாயியையும் கூட்டிப்போங்கள். பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவர் அவர், சொல்லிக் கொடுப்பதை அவர் கேட்டால்தான் வீட்டில் நடக்கும்.