'டு' காட்டும் திசை

ஆங்கில இன்ஃபினிட்டிவ் என்றதும் இலக்கணப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலைத்தான் நீட்டுகின்றன. இந்த வினைகளுக்குப் பின் 'டு', அந்த வினைகளுக்குப் பின் 'இங்' என்று மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அந்தப் பட்டியலுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தமிழ் பேசுகிறவர்களின் காதுக்கு அதில் பெரும்பகுதி ஏற்கெனவே பழக்கம்.

காலத்தையும் ஆளையும் காட்டாத வினை வடிவம்தான் இன்ஃபினிட்டிவ். 'ஹி வான்ட்ஸ் டு ரைட்', 'தே வான்டட் டு ரைட்' இரண்டிலும் 'டு ரைட்' மாறவில்லை. தமிழில் 'எழுத' அப்படித்தான்: எழுத விரும்புகிறான், எழுத விரும்பினார்கள். தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளில் ஒன்றாகச் சொல்லும் 'செய' இதுதான்.

சரி, 'டு' எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் குடித்தல் என்ற வினையின் இன்ஃபினிட்டிவ் 'டிரின்கன்'. 'டு' இல்லை, விகுதியே போதும். 'குடிப்பதற்கு' என்று நோக்கத்தைச் சொல்லத்தான் முன்னால் 'டு' சேர்த்தார்கள். ஓர் இடத்தை நோக்கிப் போவதைச் சொல்லும் அதே 'டு'தான் அது. நூற்றாண்டுகள் போக விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. அவற்றின் வேலையை 'டு' எடுத்துக்கொண்டது. கேன், மே, ஷல், மஸ்ட் போன்ற வினைகள் மட்டும் பழைய வழக்கப்படியே 'டு' இல்லாமல் நின்றுவிட்டன. 'ஐ கேன் கோ' என்பதில் 'டு' நுழையாததற்குக் காரணம் இந்த வரலாறுதான்.

திசை காட்டும் அந்தப் பழைய குணம் 'டு'வை இன்னும் விட்டுப் போகவில்லை. 'ஹி ஸ்டாப்டு டு டிரிங்க்' என்றால் குடிக்க நின்றான், குடிப்பது இனிமேல்தான். 'ஹி ஸ்டாப்டு டிரிங்கிங்' என்றால் குடிப்பதை நிறுத்தினான்; அதுவரை குடித்துக்கொண்டிருந்தான். 'ரிமெம்பர் டு லாக் த டோர்' என்பது கதவைப் பூட்ட மறக்காதே என்பது. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்றாலோ பூட்டியது நினைவிருக்கிறது என்று பொருள். 'டு' முன்னே பார்க்கிறது, 'இங்' நடந்ததையோ நடப்பதையோ பிடித்துக்கொள்கிறது.

இப்போது தமிழ் வாக்கியங்களை மட்டும் பாருங்கள். குடிக்க, குடிப்பதை. பூட்ட, பூட்டியது. ஆங்கிலம் பிரிக்கும் அதே இடத்தில்தான் தமிழும் பிரிக்கிறது! 'போக மறுத்தான்' என்கிறோம், ஆங்கிலத்தில் 'டு' வருகிறது. 'போவதைத் தவிர்த்தான்' என்கிறோம், 'இங்' வருகிறது. 'போகத் தவிர்த்தான்' என்று யாரும் சொல்வதில்லை. 'அவாய்டட் டு கோ'வும் அதே போலத் தவறு. சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆனால் இது எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 'வருவதாக வாக்களித்தான்' என்பது ஆங்கிலத்தில் 'ப்ராமிஸ்டு டு கம்'. 'பாடப் பழகினாள்' என்பதோ 'ப்ராக்டிஸ்டு சிங்கிங்'. நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் 'மேக்'. 'காக்க வைத்தார்' என்பதில் 'காக்க' இருப்பதால் 'மேட் மீ டு வெயிட்' என்று வாயில் வந்துவிடுகிறது. 'மேட் மீ வெயிட்' என்பதே சரி. 'லெட்'டும் அப்படித்தான். 'மேக்'கைச் செயப்பாட்டு வினையாக மாற்றினால் மட்டும் 'டு' திரும்பி வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'.

அப்புறம், கடிதங்களின் கடைசி வரியில் வரும் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு'. இதற்குப் பின் 'மீட்' எழுதுவதா, 'மீட்டிங்' எழுதுவதா? 'டு'வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் லெட்டர்' பொருந்துகிறது. அப்படியென்றால் இந்த 'டு' வினைக்குச் சொந்தமானது அல்ல, இடத்தைக் காட்டும் பழைய 'டு' அப்படியே நிற்கிறது. அதனால் 'மீட்டிங்' என்றுதான் எழுத வேண்டும். 'வான்ட் டு யுவர் லெட்டர்' என்றால் பொருளே இல்லை. ஆகவே 'வான்ட் டு மீட்'.