அந்த பஸ்ஸில் நடந்தது நாடகம் என்று யாருக்கும் தெரியாது

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் கல்லூரி மாணவர்களுக்கு நாடகப் பயிற்சி கொடுக்கிறேன். பார்ப்பவருக்கு நாடகம் என்றே தெரியாமல் பொது இடத்தில் நடத்துவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பாதிப் பேர் மனதில் இருப்பது பிராங்க் வீடியோ. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்மர் வரும்போது அது வேஷம் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் கும்பிடுகிறார்கள். பிரேசில் நாடக இயக்குநரான அகஸ்டோ போவால் 1970களில் நாட்டைவிட்டுப் போய் அர்ஜென்டினாவில் இருந்தபோது வளர்த்த முறையில் பார்ப்பவருக்கு அப்படித் தெரியவே தெரியாது. நடிகர்கள் ஓட்டலிலோ ரயிலிலோ சாதாரண ஆட்கள் போல ஒரு பிரச்சினையைக் கிளப்புவார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் தாங்களாகவே வாதத்தில் இறங்கிவிடுவார்கள். நடந்தது நாடகம் என்று கடைசி வரை சொல்லக்கூடாது என்பது அவர் விதி. எனக்கு நெருடுவது அதுதான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூடவே 'ஓசி' என்ற குத்தலும் வந்து ஒட்டிக்கொண்டது. அதை வைத்தே ஒரு காட்சி செய்தோம். எங்கள் குழுவில் வயதான அம்மா ஒருவர் உட்கார இடம் கேட்க, எங்கள் பையன் "ஓசியில வர்றவங்களுக்கு சீட்டு வேறயா?" என்றான். நினைத்ததைவிட நன்றாகவே போனது, ஒரு கொத்தனார் எழுந்து, "ஏன் தம்பி, உங்கம்மா இதுல போனதே இல்லியா?" என்று கேட்டார், கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். அந்தச் சந்தோஷத்தில், பின் சீட்டில் தூக்குவாளியோடு நடவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கவனிக்கத் தவறிவிட்டோம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவர் சீட்டை விட்டு எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார், அடுத்த நிறுத்தத்தில் இறங்கியும் போய்விட்டார். கொத்தனாருக்கு அது வாதம். அந்தப் பெண்ணுக்கு அது தினமும் விழுகிற அடி, அன்றைக்கு அடித்தது நாங்கள்.

1976இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகா நகரில் ஜிரி கோவாண்டா என்ற கலைஞர், முன்கூட்டியே எழுதி வைத்த சின்னச் சின்ன அசைவுகளை நடுத்தெருவில் நின்று செய்தார், கடந்துபோன யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அதில் யாரையும் எதற்குள்ளும் இழுக்கவில்லை. நாம் இழுக்கிறோம் என்றால் பொறுப்பும் நம்முடையது. சரி, அதற்கு என்ன செய்கிறோம்? நடிக்காமல் முகங்களை மட்டும் பார்க்க ஒருவர் இருப்பார், அவர் இருமினால் காட்சி அங்கேயே நிற்கும். யாராவது கலங்கினால் போவால் விதியை மீறி உண்மையைச் சொல்லிவிடுவோம். செல்போனில் படம் எடுக்கவே கூடாது, தன்னைப் பார்க்கிறார்கள் என்றே தெரியாதவர் முகத்தை ஊருக்குக் காட்ட நமக்கு உரிமையில்லை.

அப்புறம், காட்சி எழுதும் முன் ஒரு வாரம் அதே பஸ்ஸில் சும்மா போய்வரச் சொல்கிறேன். யார் எந்த வேலைக்கு எங்கே ஏறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்ததும், பாதி வசனங்களை மாணவர்களே அடித்துவிடுகிறார்கள்.