நரம்பு சுருட்டலில் நரம்பு எங்கே?

கெண்டைக்காலில் நீலமாக, மண்புழு நெளிந்த மாதிரி புடைத்துக் கிடக்கும். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்போம். என் பெரியம்மா இதற்காக முதலில் போனது நரம்பு டாக்டரிடம். "இது நான் பார்க்கிறது இல்லம்மா" என்று அவர் அனுப்பிவிட்டார். பிழை பெரியம்மாமீது இல்லை, சொல்மீது.

பழந்தமிழில் நரம்பு அகலமான சொல். யாழின் தந்தியும் நரம்பு, தோலுக்கடியில் தெரியும் ரத்தக்குழாயும் நரம்பு. புறநானூறு 278-இல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு முதிய தாயின் தோளை 'நரம்பெழுந்து உலறிய' என்கிறார். 'கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த நரம்புதான். மூளைக்கு உணர்ச்சியும் மூளையிலிருந்து கட்டளையும் ஓடும் இழைக்கு மட்டும் நரம்பு என்று பின்னால் வந்த மருத்துவத் தமிழ் ஒதுக்கிக்கொண்டது. பேச்சு வழக்கு மாறவில்லை.

இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் சிரை. வெளியே கொண்டுபோவது தமனி. காலில் புடைத்துக் கிடப்பது சிரைதான். இரண்டும் வடமொழி வழி வந்தவை. இலங்கைப் பாடநூல்களில் இவை நாளம், நாடி.

நரம்பு சுருட்டலுக்கு ஆங்கிலத்தில் 'வெரிகோஸ் வெயின்' என்று பேர். 'வெரிகோஸ்' என்பதன் வேர் லத்தீன் 'வாரிக்ஸ்', புடைத்த சிரை என்று பொருள். ரோமானியத் தளபதி மாரியுஸ் கட்டிப்போடாமலே ஒரு காலை இதற்கான அறுவைக்குக் கொடுத்தாராம், மறு காலை நீட்ட மாட்டேன் என்றாராம். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலம், அவரைக் குறை சொல்ல முடியாது.

தமிழில் 'சுருள் சிரை' என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ 'புடைசிரை' பொருத்தமாகப் படுகிறது. சுருளுவது பிற்பாடு, முதலில் நடப்பது புடைப்பு. கால் சிரைக்குள் ரத்தத்தை மேல்நோக்கி மட்டும் விடும் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை தளர்ந்தால் ரத்தம் கீழே தேங்கும், குழாய் உப்பும். பரம்பரை, கர்ப்பம், உடல் பருமன், நாள் முழுக்க நிற்கும் வேலை எல்லாம் இதற்குக் காரணம். ஜவுளிக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டம் வந்தது.

வெறுமனே தெரிகிறது, வலியில்லை என்றால் பதற வேண்டாம். சாயங்காலமானால் கால் கனக்கிறது, வீங்குகிறது, அரிக்கிறது, கணுக்கால் உட்புறம் பழுப்பாகிறது என்றால் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். சிரையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். அழுத்தக் காலுறையில் தொடங்கி லேசர்வரை வழி இருக்கிறது. ஆறாத புண் வந்துவிட்டால் தள்ளிப்போடவே கூடாது. புடைத்த இடம் வெடித்து ரத்தம் வந்தால் படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தால் அது உள்ளே ஆழமாக இருக்கும் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்ததாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108.