அஞ்சலி: கைகூப்பும் கிறிஸ்தவரும்

கொழும்பில் நாளிதழைப் பிரித்தால் ‘கண்ணீர் அஞ்சலி’ இல்லாத நாளே கிடையாது. சைவர் வீட்டு மரண அறிவித்தலிலும் கிறிஸ்தவர் வீட்டு அறிவித்தலிலும் அதே சொல்தான். ஆனால் பொரளைப் பக்கத்து மலர்ச்சாலையில் உடலின் முன்னால் போய் நிற்கும்போது, கிறிஸ்தவர் சிலருக்கு, இறைவனுக்கு மட்டுமே உரிய தொழுகையாகிவிடுமோ என்று பயந்து, கை கூப்புவதா வேண்டாமா என்று மனம் தடுமாறுகிறது.

அஞ்சலி வடசொல். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, நடுவே சற்றுக் குழிவாக வைத்துக்கொள்வதுதான் அதன் முதற்பொருள். அந்தக் குழிவு கொள்ளும் அளவுக்கும் அதுவே பெயர். கை நிறையப் பூ என்றால் புஷ்பாஞ்சலி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், ஆடலில் இரு கையாலும் காட்டும் பிணையற்கைகளில் அஞ்சலியை முதலில் வைக்கிறார். சாவு இந்தச் சொல்லோடு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று பொருள் இன்னும் விரிந்து, ‘மௌன அஞ்சலி’ என்றால் கையைச் சேர்க்கவும் வேண்டாம். 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் மற்ற இடங்களிலும் நடந்த குண்டுவெடிப்புகளில் உயிரிழந்தவர்களுக்காக, 23ஆம் திகதி காலை 8.30க்கு நாடே மூன்று நிமிடம் அப்படித்தான் நின்றது.

நேரான தமிழ் ‘கைகூப்பு’. “கொல்லான் புலாலை மறுத்தானைக் கைகூப்பி எல்லா உயிருந் தொழும்” என்கிறது குறள் 260. அங்கே கை கூப்பப்படுவது ஒரு மனிதனை நோக்கி.

சரி, கிறிஸ்தவ வேதமாகிய விவிலியம் என்ன சொல்கிறது? ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். சாராள் இறந்துவிட்டாள். அடக்கம் செய்ய நிலம் வேண்டும். ஆபிரகாம் எழுந்து, அந்தத் தேசத்தாருக்கு முன் குனிந்து வந்தனம் செய்கிறார். பேச்சு நடுவில் மறுபடியும் குனிகிறார். பிறகு 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையை வாங்குகிறார். மனைவிக்காக அழுகிறார், ஊர்ப் பெரியவர்களுக்குத் தலை வணங்குகிறார். விசுவாசிகளின் தகப்பன் செய்த காரியம் இது. அந்தக் குனிதலுக்கு எபிரேயத்தில் வரும் வினைச்சொல்தான், விக்கிரகங்களை ‘நமஸ்கரிக்க வேண்டாம்’ என்ற பத்துக் கட்டளை வரியிலும் வருகிறது. உடலின் அசைவு ஒன்றேதான். யாரிடம், என்ன நினைத்து என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. கொர்நேலியு என்ற உரோமப் படைத்தலைவன் தொழுவதற்காகக் காலில் விழுந்தபோது, இயேசுவின் சீடர் பேதுரு “நானும் ஒரு மனுஷன்தான்” என்று தூக்கிவிட்டதும் அதனால்தான்.

அதே பேதுரு, கிறிஸ்துவை அறியாத உரோம அரசனைக் குறித்து ‘ராஜாவைக் கனம்பண்ணுங்கள்’ என்று எழுதினார். தலைவர்களைப் பொறுத்தவரை இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1977 ஏப்ரல் 26 அன்று மறைந்த ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வா கிறிஸ்தவர். அவர் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் யாரும் அவரிடம் வரம் கேட்டு வருவதில்லை.

வேதம் இறந்தோர் விடயத்தில் கடுமையாக விலக்குவது, உபாகமம் 18இல் உள்ளபடி, அவர்களிடம் குறி கேட்பதை. இறந்தவருக்காக இறைவனிடம் மன்றாடலாமா என்பதில் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் வேறுபடுகிறார்கள். அது தனி விவாதம். ஆனால் பெற்ற தாயின் உடலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் விசுவாசம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், அறிவித்தலில் எந்தச் சொல்லைப் போடலாம்? கத்தோலிக்கர் ஆராதனை இறைவனுக்கு, வணக்கம் புனிதருக்கு என்று பிரித்தே பழகியவர்கள். ‘இறுதி வணக்கம்’ அவர்களுக்கு இடறாது. வணங்குதல் என்றாலே தொழுகை என்று படித்த சபையாருக்கு ‘நினைவேந்தல்’ பொருந்தும். ஈழத்தில் நன்றாகப் புழங்கும் சொல்தான். பிரிந்த துயரை மட்டும் சொல்வதென்றால் ‘இரங்கல்’ போதும்.